பழைய நகல்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, கோவை வடவள்ளியில் தாமோதரன் வீட்டுக் கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தது. முந்தின நாள் சாயங்காலம் கோடை மழையோடு இறங்கிய இடியில் அந்தத் தெருவில் நான்கு வீட்டு டிவி போயிருந்தது. மற்ற வீடுகளில் கம்ப்யூட்டர் போனால் ஃபேன் சொன்னபடி கேட்காது, கேட் தானாகத் திறக்காது, அவ்வளவுதான். இந்த வீட்டில் அது போனதால் சுகந்தியின் பேச்சு போயிருந்தது.

சுகந்திக்கு ஐம்பத்தாறு வயது. பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு நாள் வகுப்பில் சாக்பீஸ் கையை விட்டு நழுவியது. மறுநாளும் நழுவியது. உடம்பின் தசைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வரும் நோய் என்றார்கள். கை போனது, கால் போனது, நாக்கும் போகும் என்று தெரிந்தவுடன் அவள் குரலைப் பதினாறு மணி நேரம் பதிவு செய்து வைத்துக்கொண்டார்கள். வலது கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், நகம் அளவுக்கு ஓர் ஒட்டு. தசை அசைய முயலும்போது தோலுக்கடியில் எழும் துடிப்பை அந்த ஒட்டு பிடித்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அது துடிப்பை எழுத்தாக்கி, சொல்லாக்கி, அவள் குரலிலேயே ஸ்பீக்கரில் பேசும்.

அவள் தளரத் தளர அந்தக் கம்ப்யூட்டர் தன் காதைக் கூர்மையாக்கிக்கொண்டே வந்தது. போன மாதம் 'ம' என்பதற்கு ஒரு துடிப்பு என்றால் இந்த மாதம் அதில் பாதி. அடுத்த மாதம் அதிலும் பாதி. நான்கு வருடம் தினமும் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்ட பாடம் அது. கண்மணிகள் நகர்வது நின்றும் எட்டு மாதம் ஆகிவிட்டது. இமைகள் தம் போக்கில் மூடித் திறந்தன. அவள் சொல்வதைப் புரிந்துகொள்ள உலகத்தில் அந்த ஒரு பெட்டியால்தான் முடியும். அதற்கும் ஒரு வாக்கியத்துக்கு இருபது நிமிடம் ஆகும். சில நாள் நாற்பது.

தாமோதரன் கட்டிலருகே குனிந்தார்.

"சுகந்தி, சிஸ்டம் போயிருச்சு. பேக்கப் இருக்குது, கவலப்படாத. மத்தியானத்துக்குள்ள சரி பண்ணீர்றேன்."

அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். அந்த முகம் எதையும் காட்டி நாளாயிற்று.

தாமோதரன் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தவர். அவளைக் கவனிப்பதற்காக வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. இந்த மாதிரி விஷயங்களில் ஒழுங்கான மனிதர். ஒரு நாள் இந்தப் பெட்டி போகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் மொத்த சிஸ்டத்தையும் அப்படியே நகலெடுத்து, தனி டிஸ்க்கில் போட்டு, பீரோவில் சேலைகளுக்கு நடுவே பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். காந்திபுரம் போய் எரிந்துபோன டிஸ்க்குக்குப் பதிலாகப் புதியதை வாங்கி வந்தார். மாட்டினார். டப்பாவைத் திறந்து பேக்கப்பை இணைத்தார்.

திரையில் இரண்டு வரி வந்தது. இரண்டு முழு நகல்கள். ஒன்று பன்னிரண்டு நாளுக்கு முன் எடுத்தது. இன்னொன்று இரண்டு வருடம் பழையது. அந்த மாதம் அவர்கள் வால்பாறை போய் வந்திருந்தார்கள். அவள் வாய் ஓயாமல் கேலி பேசிக்கொண்டிருந்த காலம். அதை அழிக்க மனம் வராமல், தவறி அழிந்துவிடக் கூடாதென்று பூட்டும் போட்டு வைத்திருந்தார்.

எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. பன்னிரண்டு நாள் பழையதைத்தான். அவர் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

பத்தொன்பது நாளுக்கு முன் நடந்தது அது. டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, அவள் காதுபடவே சொன்னார். "இன்னும் ரெண்டு மாசத்துக்குள்ள மூச்சு தானா விட முடியாமப் போயிரும். கழுத்துல துளை போட்டு மெஷின் வெக்கணும். வெச்சுட்டா பத்து வருஷம்கூட ஓடும்." அவர் போனபின் சுகந்தி பேச ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் ஒரு வாக்கியம் வந்தது.

"குழாய் வேண்டாம் தாமு."

கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"ஏன் சுகந்தி? மூச்சு மட்டும்தான? உன்ற மூளை நல்லாத்தான இருக்குது?"

இருபது நிமிடம் கழித்து, "அதனாலதான்."

அவர் நிறையப் பேசினார். கெஞ்சினார். அவள் அடுத்த வாக்கியத்துக்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டாள். "விடை வந்தாச்சு. கோடு போட்டு நிறுத்தணும்."

பேச்சுக்கு மெஷினை நம்பியிருக்கும் நோயாளிகளுக்கென்று சட்டம் வந்திருந்தது. சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்பதை நோயாளியே, பதிவு செய்த தன் மெஷின் வழியாக, டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னதை டாக்டர் பதிய வேண்டும். அதன்பின் புருஷன், பிள்ளை யாரும் அதை மாற்ற முடியாது. சுகந்தி டாக்டரை வரச் சொன்னாள். தாமோதரன் ஒரு வெள்ளிக்கிழமையைச் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். இந்த வெள்ளிக்கிழமையைத் தள்ள முடியவில்லை.

அவர் முட்டாள் இல்லை. பழைய நகலைப் போட்டால் அவள் மனசு மாறிவிடும் என்றெல்லாம் நினைக்கவில்லை. மனசு அவள் தலைக்குள் இருக்கிறது. பழையது இன்றைய சுகந்தியைப் புரிந்துகொள்ளத் தடுமாறும்; வெள்ளிக்கிழமைக்குள் அவளால் அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லி முடிக்க முடியாது; டாக்டர் வேறு தேதி கொடுப்பார். ஒரு வாரம் கிடைக்கும். அந்த ஒரு வாரத்தில் பேசிப் பார்க்கலாம். அப்புறம் புதியதைப் போட்டுக்கொண்டால் போயிற்று, டிஸ்க்கில்தானே இருக்கிறது.

பழைய தேதியை அழுத்தினார்.

ரீஸ்டோர் முடிய மூன்று மணி நேரம் ஆனது. நான்கு மணிக்கு ஒட்டைத் துடைத்து அவள் கன்னத்தில் வைத்தார். திரையின் அடியில் அவள் துடிப்பைக் காட்டும் பச்சைக் கோடு லேசாக நெளிந்தது. தடுமாற்றத்தை எதிர்பார்த்து நாற்காலியில் உட்காரப் போனார்.

"தாமு! என்ன மூஞ்சி இது, ஃபைனல்ல தோத்துட்டு வந்த டீம் மாதிரி?"

அவர் பாதியில் நின்றார். அந்த வேகத்தில் அந்தக் குரலைக் கேட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"பேச... பேச முடியுதா உனக்கு?"

"நான் என்னிக்கிடா பேசாம இருந்திருக்கேன்?"

தாமோதரன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். எப்படி இது என்று கேட்க வேண்டிய மனிதர்தான் அவர். முப்பது வருடம் பம்ப்பில் எந்தச் சத்தம் ஏன் வருகிறது என்று கேட்டே பிழைத்தவர். அன்று கேட்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் கேட்கவில்லை. அவள் பேசினாள், பக்கத்து வீட்டுக்காரரின் இருமலைக் கேலி செய்தாள், மறுபடி வால்பாறை போகலாமா என்றாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. ஃபேன் காற்றில் கண் உலர்கிறது போல என்று சொட்டு மருந்து விட்டார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். பதிவுக்கான கருவியை மேசையில் வைத்து, "சொல்லுங்க டீச்சர், என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"முடிவென்ன டாக்டர், பேரப்புள்ளயப் பாக்காம நான் நகர்றதா இல்ல. என்னென்ன வைத்தியம் இருக்குதோ எல்லாத்தையும் பாத்துருங்க."

மெஷின ரிப்பேர் பண்ணினதும் பேச்சும் வேகமாயிருச்சே என்று டாக்டர் சிரித்தார். இப்படியொரு மனதைரியத்தை நான் பார்த்ததில்லை என்று தாமோதரனின் தோளைத் தட்டினார். பதிவு செய்துகொண்டு போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து தாமோதரன் மெதுவாகக் கேட்டார். "மனச மாத்திக்கிட்டியா சுகந்தி?"

"எதப் பத்தி?" என்றது குரல்.

அவர் அடுத்த கேள்வியைக் கேட்காமல், துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஓசூரிலிருந்து ஹரிணி வந்தாள். ஒரே மகள். எட்டு மாதத்துக்கு முன், ஏழாம் மாதத்தில், அவள் வயிற்றிலேயே குழந்தை இறந்துபோனது. அன்று சுகந்தி ஒரு மணி நேரம் போராடி மகளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "அழு, நான் இருக்கேன்." ஹரிணி அந்த ஒரு மணி நேரமும் அம்மாவின் மடியில் தலை வைத்துக் காத்திருந்தாள்.

அப்பா போனில் சொன்னதைக் கேட்டு, அம்மா பழையபடி பேசுகிறாள் என்ற சந்தோஷத்தில் பையைக்கூட இறக்காமல் கட்டிலுக்கு ஓடி வந்தாள்.

"வாடி ஹரிணி! என்ன இளைச்சுட்ட? எப்ப நல்ல சேதி சொல்லப் போற? கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சுல்ல?"

ஹரிணியின் கை பையின் வாரிலேயே நின்றுவிட்டது.

"அம்மா?"

"என்ன அம்மா? சீமந்தத்துக்கு என்ன கலர்ல பட்டு எடுக்கறதுன்னு நான் இப்பவே யோசிச்சு வெச்சாச்சு."

ஹரிணி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோச்சாப்பா?"

தாமோதரன் மகளைப் பார்க்கவில்லை. சுகந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலிருந்தும் நீர் காது வரை வழிந்து தலையணையில் இறங்கிக்கொண்டிருந்தது. திரையில் பச்சைக் கோடு துள்ளியது. அது துள்ளத் துள்ளக் குரல் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனது. குங்குமக் கலரா, மயில்கழுத்துக் கலரா?

அவர் போய் ஸ்பீக்கரை அணைத்தார்.

திங்கட்கிழமை காலை சர்வீஸ் கம்பெனியிலிருந்து ரெஹானா வந்தாள். இந்த மெஷின்களோடு பத்து வருடம் பழகியவள். சுகந்திக்கு முதன்முதலில் ஒட்டு வைத்ததே அவள்தான். வந்ததும் சுகந்தியின் கையைத் தொட்டு, "எப்படீக்கா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, ஸ்பீக்கரைப் போடாமலே திரையில் எதையெதையோ திறந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"சார், கொஞ்சம் வெளிய வர்றீங்களா?"

"இங்கயே சொல்லும்மா. அவளுக்கும் தெரியட்டும்."

ரெஹானா தயங்கினாள். "இந்த ஆறு நாள்ல இது பேசுனதெல்லாம் அக்கா பேசுனதில்லீங்க."

"பின்ன?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அக்காவோட சிக்னல் நல்லா இருந்துச்சு. ஆரம்பிச்சாங்கன்னா போதும், மிச்சத்த இதுவே ஊகிச்சு முடிச்சுக்கும். நம்ம போன்ல மெசேஜ் அடிக்கறப்ப அடுத்த வார்த்தைய அதுவே குடுக்குதே, அந்த மாதிரி. இப்ப வர்ற சிக்னல் ரொம்ப லேசுங்க. போன மாசத்து சிஸ்டத்துக்கு அது புரியும். இந்தப் பழசுக்கு அது வெறும் இரைச்சல். ஏதோ அசையுது, அக்கா பேசறாங்கன்னு மட்டும் தெரிஞ்சுக்குது. என்ன பேசறாங்கங்கறத அதுவா போட்டுக்குது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அக்கா என்ன பேசியிருப்பாங்களோ அத."

"எவ்வளவு அவளோடது?"

"நூத்துக்கு நாலு, சார். அதுகூட நிச்சயமில்ல."

ஹரிணி சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். தாமோதரன் கேட்டார். "அப்ப அவ?"

"அக்கா உள்ள இருக்காங்க. பேசீட்டுத்தான் இருக்காங்க. இதுக்குக் கேக்கல." ரெஹானா குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்லல, தப்பாச் சொல்லுதுன்னு அவங்க எவ்வளவுக்குப் போராடறாங்களோ அவ்வளவுக்குக் கோடு அசையும். கோடு அசைய அசைய இது இன்னும் பேசும்."

"பன்னெண்டு நாள் பழசு ஒண்ணு இருக்குது. அதப் போட்டுரு. இப்பவே போட்டுரும்மா."

ரெஹானா பேக்கப் டிஸ்க்கைத் திறந்தாள். திரையில் இரண்டு வரி இருந்தது. ஒன்று இரண்டு வருடம் பழையது. இன்னொன்றில் நேற்றைய தேதி.

"இது நேத்து எடுத்தது. டிஸ்க்க மாட்டியேவா விட்டுட்டீங்க?"

சீக்கிரமே புதியதைப் போடத்தானே போகிறோம் என்று தாமோதரன் வயரைக் கழற்றாமல் விட்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமையானா தானா பேக்கப் எடுன்னு பழசுல செட்டிங் இருந்திருக்குதுங்க. எடுத்திருக்குது. ரெண்டுக்கு மேல டிஸ்க்ல எடமில்ல, அதனால ஒண்ண அழிச்சிருக்குது. பழசுக்குப் பூட்டுப் போட்டிருக்கீங்க. பூட்டில்லாதது நீங்க கேட்ட அந்தப் புதுசுதான்."

"திருப்பி எடுக்க முடியாதா?"

"அதே எடத்து மேல எழுதியிருச்சுங்களே. எரிஞ்ச டிஸ்க்கக் குடுங்க, லேப்புக்கு அனுப்பிப் பாக்கறேன். ஆனா இடி விழுந்தது..."

"மறுபடி முதல்ல இருந்து சொல்லிக்குடுத்தா?"

"சொல்லிக்குடுக்கறதுக்கு 'ஆமா', 'இல்ல'ன்னு அக்கா காட்டணும். கையோ கண்ணோ ஏதாச்சும் ஒண்ணு வேணும். அது இருந்த காலத்துல ஆரம்பிச்சு அவங்க கூடவே வந்ததாலதான் போன மாசம் வரைக்கும் புரிஞ்சுச்சு. இப்ப நடுவுல போய் ஏற முடியாதுங்க சார்."

அவள் சாமான்களை எடுத்து வைத்தாள். செருப்புப் போடும்போது வாசலில் நின்று கேட்டாள். "புதுசு இருக்கறப்ப ஏன் பழசப் போட்டீங்க?"

தாமோதரன் போய்க் கேட்டைத் திறந்துவிட்டார். அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

லேபிலிருந்து பதினோராம் நாள் பதில் வந்தது. ஒன்றும் மீட்க முடியவில்லை.

அந்தப் பதினோரு நாளும் தாமோதரன் ஸ்பீக்கரை அணைத்து வைத்துவிட்டு, எழுத்துகள் அச்சிட்ட அட்டையை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஆமான்னா ஒரு தடவ, இல்லைன்னா ரெண்டு தடவ. எதையாச்சும் அசை சுகந்தி." இமை மூடியது, அது தானாக மூடியதா என்று தெரியாது. பச்சைக் கோடு நெளிந்தது. அதில் 'ஆமா' எது, 'இல்லை' எது என்று பிரிக்க முடியவில்லை. தாளில் குறித்தார். கூட்டிப் பார்த்தார். நூறு கேள்விக்கு ஐம்பது ஆமா, ஐம்பது இல்லை. நாணயம் சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும். "நான்தான் பழசப் போட்டேன், தெரிஞ்சேதான் போட்டேன்" என்று அவளிடம் சொல்ல நாலைந்து முறை வாயெடுத்தார். சொல்ல வரவில்லை.

ஹரிணி லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தாள். அப்பா குளிக்கவோ கடைக்கோ போகும்போது அவள் ஸ்பீக்கரைப் போட்டுக்கொள்வது அவருக்குத் தெரிந்தது. ஒரு நாள் காய்கறிப் பையோடு படியேறும்போது காதில் விழுந்தது. ஹரிணி குழந்தை போன கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் விசும்பியது, "ஐயோ என்ற கண்ணு" என்றது, "அப்ப நான் பக்கத்துலயே இருந்திருக்கணுமே" என்றது. எல்லாவற்றையும் சட்சட்டென்று, எந்தச் சிரமமும் இல்லாமல் சொன்னது. தாமோதரன் பையைப் படியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மே மாதக் கடைசியில் சுகந்திக்கு மூச்சு திணறியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவசர அறைக்கு வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "இன்னிக்கே துளை போட்டாகணும்."

"வேண்டாங்க டாக்டர்."

"என்ன?"

"குழாய் வேண்டாம்னு அவ சொல்லியிருக்கா. என்கிட்டச் சொல்லியிருக்கா."

"எல்லா வைத்தியமும் வேணும்னு என்கிட்டச் சொல்லியிருக்காங்க. பதிவாயிருக்குது. நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க?"

"அது அவ இல்ல. மெஷின்." ரெஹானாவின் ரிப்போர்ட்டை நீட்டினார்.

டாக்டர் நின்றபடியே அதை முழுவதும் படித்தார். கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"தாமோதரன், யோசிச்சுப் பாருங்க. இத நான் ஒத்துக்கலேன்னா, பேஷண்ட் பொழைக்கணும்ங்கறாங்க, புருஷன் வேண்டாங்கறாரு. நான் போலீஸுக்கு எழுதணும். ஒத்துக்கிட்டேன்னா, பேஷண்ட்டுக்குக் குரலே இல்லேன்னு அர்த்தம். குரல் இல்லாதவங்களக் கண்டிப்பாக் காப்பாத்துன்னு சட்டம். எப்படிப் பாத்தாலும் குழாய்தான். வீட்டு ஆள் ஒருத்தர் கையெழுத்து மட்டும் வேணும்."

"நான் போட மாட்டேன்."

"உங்க பொண்ணு போட்டுட்டாங்க."

ஹரிணி வராந்தாவின் கோடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தாமோதரன் போய்ப் பக்கத்தில் அமர்ந்தார். இவ்வளவு நாள் சுகந்தியிடம் சொல்ல முடியாததை மகளிடம் சொன்னார்.

"ஹரிணி, ரெண்டு பேக்கப் இருந்துச்சு. நான்தான் வேணும்னே பழசப் போட்டேன். உங்கம்மா குழாய் வேண்டாம்னு டாக்டர்கிட்டச் சொல்லப் போனா. அதத் தள்ளிப்போடறதுக்காகத்தான்."

"தெரியும்ப்பா. ரெஹானாக்கா அன்னிக்கே போன் பண்ணிச் சொல்லீட்டாங்க."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்ட?"

அவள் தரையைப் பார்த்தபடி பேசினாள். "உங்களுக்கு ஒரு வாரம் வேணும்னு இருந்துச்சு, எடுத்துக்கிட்டீங்க. எனக்கு அம்மா வேணும்ப்பா. பாப்பா போனப்புறம் அங்க மாமியார் வீட்டுல யாருமே அதப் பத்திப் பேசறதில்ல. அந்தக் குரல்கிட்ட மட்டும்தான் நான் பேசறேன். அது பதில் சொல்லுது."

"அது அம்மா இல்ல கண்ணு."

"தெரியும்னு சொன்னேனே."

"மெஷின அவ இல்லாமக்கூடப் பேச வெச்சுக்கலாம். அவள விட்ரலாம்ல?"

ஹரிணி தலையசைத்தாள். "கன்னத்துல இருக்கற ஒட்டக் கழட்டினா அது பேச மாட்டேங்குதுப்பா. நான் பாத்துட்டேன். அதுக்கு அம்மா அசைஞ்சாகணும்."

தாமோதரன் மகளை அடிக்கக் கையோங்கினார். வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எந்த உரிமையில் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கை மெல்லக் கீழே வந்தது.

துளை போட்டார்கள். மெஷின் வைத்தார்கள். மூன்று வாரத்தில் சுகந்தி வீட்டுக்கு வந்தாள். மூச்சு சீராக இருந்தது. நாடி நன்றாக இருந்தது. இப்படியே பத்து வருடம் போகும் என்றார்கள்.

ஒன்றரை வருடம் போனது. ஹரிணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. மாதமொருமுறை தூக்கிக்கொண்டு வருவாள், ஒட்டு வைத்த கன்னத்தின் பக்கம் குழந்தையைப் படுக்க வைப்பாள், குரல் கொஞ்சும். குழந்தை ஸ்பீக்கரைப் பார்த்துச் சிரிக்கும். ரெஹானா ஒரு முறை வந்து மெஷினைப் பார்த்துவிட்டு, இப்போது நூற்றுக்கு ஒன்று என்றாள். அதற்கப்புறம் அவள் வரவில்லை. வேறு யாரையோ அனுப்பினார்கள்.

ஐப்பசி மாதம் ஒரு நாள் மதியம், உணவுக் குழாயைக் கழுவி மாட்டிவிட்டு, தாமோதரன் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சுகந்தியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். ஸ்பீக்கர் போட்டே இருந்தது. ஹரிணி அப்போதுதான் போனில் பேசிவிட்டு வைத்திருந்தாள்.

"சுகந்தி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

எல்லாவற்றையும் சொன்னார். திரையில் வந்த இரண்டு தேதிகள், தான் அழுத்தியது, கழற்றாத வயர், வெள்ளிக்கிழமை டாக்டர் முன்னால் தான் வாய்மூடி நின்றது. அவள் கேட்டதை அவளிடமிருந்தே தான் பிடுங்கியது. குரல் நடுவில் குறுக்கிடவில்லை. சொல்லி முடித்ததும் அவள் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சுரு."

"ச்சீ, இதுக்கா இப்படி அழற?" என்றது ஸ்பீக்கர். "நீ என்ன வேணும்னேவா பண்ணின? என்மேல இருந்த பாசத்துல பண்ணீட்ட. நான் எப்பவோ மன்னிச்சாச்சு. போ, முகத்தக் கழுவீட்டு வா."

இரண்டு விநாடிகூட ஆகவில்லை. அது யாருடைய பதில் என்று அவருக்குத் தெரியும். கோவை ஜில்லாவில் அதைவிட நன்றாகத் தெரிந்தவர் இருக்க முடியாது. நிமிர்ந்து பார்த்தார். சுகந்தியின் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கோடு துள்ளியது. குரல் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியது.

அவர் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். நெஞ்சில் ஏதோ கொஞ்சம் இறங்கியிருந்தது. அன்றைக்குப் பல நாளுக்குப் பிறகு தட்டு நிறையச் சாப்பிட்டார்.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்து மறுபடி கேட்டார். குரல் மறுபடி மன்னித்தது. அதற்கு மறுநாளும் கேட்டார்.

நான்காம் நாள், உட்காருவதற்கு முன், நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவள் கண்கள் தெரியாதபடி, ஸ்பீக்கர் இருந்த பக்கமாக.